சேற்றில் எழுதப்பட்ட காலக்கணக்கு

மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கை திறந்து வைத்துள்ள பெருவாயில் பாலக்காட்டுக் கணவாய். ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுள்ள அவ்வாயிலின் வடபால் நீலகிரியும் தென்பால் ஆனைமலையும் எழுந்து நிற்கின்றன. தென்பால் உள்ள மலைத்தொகுதி பாலக்காடு மாவட்டத்தின் பரம்பிக்குளம் காடுகளில் தொடங்கி, தமிழகத்தின் வால்பாறை மேட்டுநிலத்தைத் தழுவி, இடுக்கி மாவட்டத்தின் இரவிகுளம், மறையூர், வட்டவடை வரை பரந்து கிடக்கிறது. விந்தியத்திற்குத் தெற்கே மிக உயர்ந்த சிகரமாகிய ஆனைமுடி, 2,695 மீட்டர் உயரத்தில், இத்தொகுதியின் மணிமுடியாக விளங்குகிறது.

இம்மலைகளின் மேற்பரப்பில் ஒரு விந்தையான காட்சியைக் காணலாம். மடிப்புகளிலும் ஓடைக் கரைகளிலும் குட்டையான மரங்கள் அடர்ந்த சோலைகள். அவற்றைச் சூழ்ந்து சரிவெங்கும் புல்வெளி. சோலையின் விளிம்பு கத்தியால் வெட்டியது போல் முடிந்து, அடுத்த அடியில் புல் தொடங்குகிறது. இப்புல்வெளி இயற்கையானதா, அல்லது மனிதன் காட்டை எரித்தும் கால்நடைகளை மேய்த்தும் உண்டாக்கியதா? இவ்வினா ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அறிஞர்களிடையே விவாதிக்கப்பட்டு வந்துள்ளது.

இது ஏட்டளவில் நின்றுவிடும் வினா அன்று. புல்வெளி காடு அழிந்ததன் எச்சம் என்று கொண்டால், அங்கு மரம் நடுவது சீர்திருத்தமாகும். புல்வெளி தொன்மையானது என்று கொண்டால், அதே செயல் அழிவாகும். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இந்நிலங்கள் பல இடங்களில் தரிசு என்றே பதிவேட்டில் எழுதப்பட்டன. அதன் பின்னர் வாட்டில், யூகலிப்டஸ், பைன் ஆகிய அயல்நாட்டு மரங்கள் அங்கு நடப்பட்டன. பதிவேட்டின் ஒரு சொல் மலையின் தோற்றத்தையே மாற்றிவிட்டது. அச்சொல் சரியா தவறா என்று சொல்லக்கூடிய சாட்சி எங்கே இருக்கிறது? மரங்கள் சில நூற்றாண்டுகளே வாழ்கின்றன. மழைமானிகளின் பதிவு அதனினும் குறுகியது. இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்டதே 1875 ஆம் ஆண்டில்தான். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய சாட்சி ஏரிகளின் அடியிலும் சதுப்புகளின் அடியிலும் சேறாகக் கிடக்கிறது.

அடுக்குகள் உருவாகும் முறை

ஏரியின் அடித்தளம் ஒருவகைச் சேமிப்புக் கிடங்கு. மழைநீர் கொண்டுவரும் வண்டல், காற்று சுமந்துவரும் மகரந்தத் தூள், காட்டுத்தீயின் கரித்துகள், நீரில் வாழ்ந்து மடிந்த நுண்ணுயிர்களின் ஓடுகள் ஆகிய அனைத்தும் அங்கு மெல்லப் படிகின்றன. குலைக்கப்படாத படிவில் அடியில் இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது. இந்த எளிய விதியே அனைத்துக்கும் அடிப்படை. ஆனால் முன்பின் வரிசை தெரிந்தால் மட்டும் போதாது. எத்தனை ஆண்டுகள் என்ற கணக்கும் வேண்டும்.

அக்கணக்கை முதன்முதலில் திறம்பட வகுத்தவர் சுவீடன் நாட்டுப் புவியியலறிஞர் ஜெரார்டு டி கேர். பனிப்பாறைகள் உருகிய நீர் தேங்கிய பண்டைய ஏரிகளில் கோடையில் பருமனான, வெளிர்நிற வண்டல் படிந்தது. குளிர்காலத்தில் ஏரியின் மேற்பரப்பு உறைந்தபோது, நீரில் மிதந்த நுண்ணிய களிமண் மெல்ல இறங்கிக் கருநிறப் படலமாயிற்று. ஒரு வெளிர்ப்படலமும் ஒரு கரும்படலமும் சேர்ந்தால் ஓர் ஆண்டு. மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணுவது போல இவ்விணைகளை எண்ணி, ஏறத்தாழ 12,000 ஆண்டுகளின் காலக்கணக்கை 1910 இல் ஸ்டாக்ஹோமில் நடைபெற்ற உலகப் புவியியல் மாநாட்டில் அவர் எடுத்துரைத்தார். இத்தகைய ஆண்டுப் படலங்களுக்கு அவர் வழங்கிய 'வார்வ்' என்ற சுவீடியப் பெயரே இன்று உலகெங்கும் வழங்குகிறது. ஜப்பானின் சுய்கெட்சு ஏரியில் எண்ணப்பட்ட படலங்களைக் கொண்டு, 50,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்திற்குக் கரிமக் கணிப்பைச் சரிபார்க்கும் அளவுகோல் 2012 இல் வெளியிடப்பட்டது.

நம் மலைகளில் இம்முறையை அப்படியே கையாள இயலுமா? இயலாது. இங்கு ஏரிகள் உறைவதில்லை. ஆழம் குறைந்த நீர்நிலைகளில் காற்றும் அலையும் அடிச்சேற்றைக் கலக்குகின்றன. புழுக்களும் மீன்களும் அதைக் கிளறுகின்றன. கோடையில் நீர் வற்றி மண் வெடிக்கிறது. ஆகவே ஆண்டுக்கு ஓர் இணை என்ற ஒழுங்கு இங்கு எளிதில் நிலைப்பதில்லை. மேலும், இவ்வுயர்ந்த மலைகளில் இயற்கை ஏரிகள் மிகச் சில. இன்று காணப்படும் பெரிய நீர்ப்பரப்புகள் பெரும்பாலும் அணைகளால் தோன்றியவை.

இக்குறையை ஈடு செய்வது மலைச்சதுப்பு. சோலைகளுக்கிடையே உள்ள பள்ளங்களில் நீர் தேங்கி நிற்கும்போது, மடிந்த புல்லும் கோரையும் காற்றுப்படாமல் முழுதும் மக்காது, கறுத்த படிவாகச் சேர்கின்றன. இதற்கு முற்றா நிலக்கரி அல்லது பீட் என்று பெயர். அது வளரும் வேகம் மிகக் குறைவு. இரண்டு மீட்டர் தடிப்புள்ள ஒரு படிவு 20,000 ஆண்டுகளைத் தாங்கியிருக்குமாயின், அதில் ஒரு சென்டிமீட்டர் நூறு ஆண்டுகளுக்குச் சமம். ஒரு கைப்பிடிச் சேற்றில் பல அரசுகளின் வரலாறு அடங்கிவிடும்.

மூன்று கடிகாரங்கள்

படலங்களை எண்ண இயலாத இடத்தில் கதிரியக்கமே கடிகாரமாகிறது. முதலாவது கரிமம் 14. உயிருள்ள தாவரம் காற்றிலிருந்து இதைச் சிறிதளவு ஏற்கிறது. மடிந்த பின் ஏற்பது நின்றுவிட, இருப்பது மட்டும் சிதைந்து குறைகிறது. 5,730 ஆண்டுகளில் அது பாதியாகிறது. 11,460 ஆண்டுகளில் கால்பங்காகிறது. எஞ்சியதை அளந்தால் மடிந்த காலம் புலப்படும். இம்முறையை 1940களின் இறுதியில் சிகாகோவில் உருவாக்கிய வில்லார்டு லிபி, 1960 இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் எஞ்சும் அளவு மிகச் சிறிதாகிவிடுவதால் அதுவே இதன் எல்லை.

இரண்டாவது கடிகாரம் ஈயம் 210. மண்ணிலுள்ள ரேடியத்திலிருந்து வெளிப்படும் ரேடான் வாயு காற்றில் சிதைந்து இவ்வீயமாகி, மழையோடு இறங்கி ஏரியில் படிகிறது. இதன் அரை ஆயுள் ஏறத்தாழ 22 ஆண்டுகள். எனவே கடந்த 100 முதல் 150 ஆண்டுகளை அறிவதற்கு இது ஏற்றது.

மூன்றாவது சீசியம் 137. இது இயற்கையில் இருந்ததன்று. அணுகுண்டுச் சோதனைகளின் விளைவு. 1950களில் வளிமண்டலத்தில் பரவத் தொடங்கி, 1963 ஐ ஒட்டி உச்சத்தை அடைந்து, அவ்வாண்டின் சோதனைத் தடை உடன்படிக்கைக்குப் பின் குறைந்தது. உலகெங்கும் ஏரிச்சேற்றில் இவ்வுச்சம் ஓர் அடையாளக் கோடாக நிற்கிறது. எடுத்துக்காட்டாக, 2023 இல் எடுக்கப்பட்ட ஒரு வண்டல் தண்டில் அவ்வுச்சம் 90 சென்டிமீட்டர் ஆழத்தில் காணப்படுவதாகக் கொள்வோம். 60 ஆண்டுகளில் 90 சென்டிமீட்டர். ஆண்டுக்குச் சராசரி ஒன்றரை சென்டிமீட்டர். பள்ளி மாணவனும் செய்யக்கூடிய கணக்கு இது.

கடிகாரங்கள் மூன்றும் பிழைக்கு அப்பாற்பட்டவை அல்ல. மேலிருந்து இறங்கும் இளவேர் அடிப்படிவின் வயதைக் குறைத்துக் காட்டும். மேட்டிலிருந்து அடித்துவரப்பட்ட பழைய கரித்துண்டு வயதைக் கூட்டிக் காட்டும். காற்றிலுள்ள கரிமம் 14 இன் அளவே காலந்தோறும் சற்று மாறி வந்துள்ளது. ஆதலால் ஒரே அளவீட்டை நம்பாது, பல ஆழங்களில் மாதிரி எடுத்து, ஆழம் கூடக்கூட வயதும் ஒழுங்காகக் கூடுகிறதா என்று பார்ப்பது இன்றியமையாதது.

சதுப்பு சொன்ன சாட்சி

காலம் தெரிந்தபின், அக்காலத்தில் என்ன வளர்ந்தது என்பதை அறிய இரு வழிகள் உள்ளன. ஒன்று மகரந்தம். மகரந்தத்தின் புறத்தோல் எளிதில் அழியாதது. ஒவ்வொரு தாவரக் குடும்பத்திற்கும் அதன் வடிவம் வேறுபடும். படிவிலுள்ள மகரந்தங்களை எண்ணித் தாவர வரலாறு காணும் முறையை 1916 இல் சுவீடன் நாட்டு லெனார்ட் வான் போஸ்ட் அறிமுகப்படுத்தினார். இந்தியாவில் 1946 இல் லக்னோவில் தொடங்கப்பட்டு, பீர்பால் சாஹ்னியின் பெயர் தாங்கும் நிறுவனம் இத்துறையை வளர்த்தது. அங்குப் பணியாற்றிய விஷ்ணு மித்ரே, குப்தா ஆகிய இருவரும் நீலகிரிச் சோலைகளின் தோற்றம் பற்றிய மகரந்த ஆய்வை 1971 இல் வெளியிட்டனர். 1955 இல் நிறுவப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனமும் தென்னக மலைகளின் மகரந்தப் படிவுகளை ஆராய்ந்தது. நீலகிரியின் சாண்டிநல்லாப் படிவுகளைப் பற்றிய வசந்தியின் ஆய்வு 1988 இல் வெளிவந்தது.

மற்றொரு வழி கரிமத்தின் இரு நிலையான வகைகளின் விகிதம். மரங்களும் செடிகளும் குளிர்விரும்பும் புற்களும் ஒருமுறையில் ஒளிச்சேர்க்கை செய்கின்றன. வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கும் புற்கள் பல வேறொரு முறையில் செய்கின்றன. முன்னவற்றில் கனமான கரிமம் 13 குறைவு; பின்னவற்றில் சற்று மிகுதி. தாவரம் மக்கிப் பீட் ஆன பின்னும் அவ்வேறுபாடு மறைவதில்லை. ஆகவே ஒரு துளிக் கருஞ்சேற்றை அளந்தால், அது படிந்த நாளில் மலையில் ஈரம் மிகுந்திருந்ததா, வறட்சி மிகுந்திருந்ததா என்பது தெரியவரும்.

இம்முறையில் இரா. சுகுமார், ரா. ரமேஷ், பந்த், ராஜகோபாலன் ஆகியோர் நீலகிரிப் பீட் படிவுகளை ஆராய்ந்து 1993 இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கட்டுரை உலகின் கவனத்தை ஈர்த்தது. ஏறத்தாழ 20,000 ஆண்டு வரலாறு அதில் வெளிப்பட்டது. 1997 இல் அப்பதிவு 40,000 ஆண்டுகள் வரை நீட்டிக்கப்பட்டது. வடதுருவத்தை அடுத்த நாடுகளைப் பனி மூடியிருந்த காலத்தில் நீலகிரியில் வறட்சி நிலவிற்று. வறட்சி தாங்கும் புற்கள் பரவியிருந்தன. பனியூழி முடிந்து, ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய காலத்தை ஒட்டிப் பருவமழை வலுத்தது. பின்னர், ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் மீண்டும் வறட்சி தலைகாட்டியது. இராஜஸ்தானத்தின் சாம்பர், தீத்வானா, லூன்கரன்சர் உப்பேரிகளில் குர்தீப் சிங்கும் உடனாய்வாளர்களும் 1974 இல் வெளியிட்ட மகரந்த ஆய்வும், பருவமழை பல்லாயிரம் ஆண்டுகளாக ஏறியும் இறங்கியும் வந்ததையே காட்டிற்று.

இச்சான்றுகளிலிருந்து பெறப்படும் முடிவு தெளிவானது. மலைப்புல்வெளி நேற்றுத் தோன்றியதன்று. கோடரியும் உழவும் இம்மலைகளை எட்டுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்னரே அங்குப் புல் இருந்தது. ஈரம் மிகுந்தபோது சோலை விரிந்தது. வறட்சி மிகுந்தபோது புல் விரிந்தது. மனிதன் மூட்டிய தீயும் மேய்ச்சலும் பிற்காலத்தில் இதன் எல்லைகளை மாற்றியிருக்கலாம். மறையூரில் இன்றும் நிற்கும் முனியறைகள் என்னும் பெருங்கற்சின்னங்கள் மக்கள் இம்மலைகளில் நெடுங்காலமாக வாழ்ந்து வந்ததற்குச் சான்று. ஆயினும் புல்வெளியின் பிறப்பையே மனிதன்மேல் ஏற்றுவதற்குப் படிவுகள் இடந்தரவில்லை.

தவறான சொல்லின் விலை

இவ்வுண்மை தெரியாமல் நடந்தது என்ன? தோல் பதனிடும் பொருளுக்கும் செயற்கை இழைக்கான மரக்கூழுக்கும் விறகுக்கும் என்று மலைமேல் அயல்மரங்கள் பரப்பப்பட்டன. அன்றைய அலுவலர்களின் நோக்கத்தைக் குறை கூறுவதற்கில்லை. மரம் நடுவது நன்மை என்ற நம்பிக்கையும், ஆலைகளுக்கு மூலப்பொருள் தேவை என்ற நெருக்கடியும் அவர்களை வழிநடத்தின. ஆனால் வாட்டில் மரம் நட்ட இடத்தோடு நிற்கவில்லை. விதை பரவித் தானே பெருகிற்று. இடுக்கியை ஒட்டிய பழனி மலைகளில் நான்கு பத்தாண்டுகளில் புல்வெளி ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு குறைந்துவிட்டது என்று செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வொன்று 2018 இல் கண்டறிந்தது.

புல்வெளி சுருங்கும்போது அதனையே நம்பி வாழும் வரையாடும் குறிஞ்சியும் ஒடுங்குகின்றன. 1975 இல் சரணாலயமாகவும் 1978 இல் தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பட்ட இரவிகுளம், ஏறத்தாழ 97 சதுர கிலோமீட்டர் பரப்பில் அவற்றுக்குப் புகலிடம் தருகிறது. அண்மைக் காலத்தில் கேரள வனத்துறை ஆனைமுடிச்சோலைப் பூங்காவின் பழத்தோட்டம் பகுதியில் வாட்டிலை நீக்கிப் புல்வெளியை மீட்கும் பணியை மேற்கொண்டது. மரத்தை அகற்றுவதும் வனப்பாதுகாப்பே என்பதை அலுவலர்களும் மக்களும் ஏற்பதற்கு, சேறு தந்த சாட்சியே வலுவான துணை.

அணைகளின் அடியில் ஒரு பதிவேடு

இயற்கை ஏரி இல்லாத இடத்தில் அணைநீர்த்தேக்கமும் ஆய்வுக்குப் பயன்படும். அதன் பெரும் வசதி, அடித்தளத்தின் காலம் கோப்பிலேயே எழுதப்பட்டிருப்பது. முல்லைப் பெரியாற்றுத் தேக்கம் 1895 இல் உருவாயிற்று. பாலக்காட்டின் மலம்புழா 1955 இல். இடுக்கி 1970களில். அந்தந்த ஆண்டுக்குப் பின் வந்த வண்டலே அங்குப் படிந்துள்ளது. ஆகவே மலம்புழாவிலும் அதற்கு முந்திய தேக்கங்களிலும் 1963 இன் சீசியக் கோட்டைத் தேடலாம். இடுக்கியில் அதைத் தேடிப் பயனில்லை.

1924 ஜூலையில் பெருவெள்ளம் மூணாற்றைச் சிதைத்தது; குண்டளைப் பள்ளத்தாக்கின் இருப்புப் பாதை அதில் அழிந்து, மீண்டும் எழவே இல்லை. 2018 ஆகஸ்டில் வந்த வெள்ளத்தின்போது இடுக்கித் திட்டத்தின் செறுதோணி அணையின் மதகுகள் 1992 க்குப் பின் முதன்முறையாகத் திறக்கப்பட்டன. 2020 ஆகஸ்ட் 6 ஆம் நாள் இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பை மூடியது. மாண்டவர்களும் காணாமற்போனவர்களுமாக எழுபது பேர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்தினர். இத்தகைய பேரழிவுகள் எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடும்? நூறு, நூற்றைம்பது ஆண்டு மழைக்கணக்கை மட்டும் வைத்து இதற்கு விடை கூறுவது, மூன்று நாள் வரவு செலவைப் பார்த்து ஒரு குடும்பத்தின் நிலையை மதிப்பிடுவது போன்றது. பெருவெள்ளம் நுண்சேற்றின் நடுவே பருமணற் படலத்தை விட்டுச்செல்லும் இயல்புடையது. குலையாத படிவுகளில் அத்தகைய படலங்களை இனங்கண்டு காலம் கணித்தால், மழைமானி பிறப்பதற்கு முந்திய வெள்ளங்களும் கணக்கில் சேரும்.

இதே முறை மற்றோர் அன்றாடத் தேவைக்கும் உதவும். தேக்கங்களின் கொள்ளளவு வண்டலால் ஆண்டுதோறும் குறைகிறது. வண்டல் எந்த ஆண்டுகளில் மிகுந்தது என்று தெரிந்தால், அதற்கு நீர்ப்பிடிப்பில் காடு அழிந்தது காரணமா, சாலை வெட்டியது காரணமா, மழையின் மிகுதி காரணமா என்று பிரித்தறியலாம். ஓரிடத்தில் எடுத்த ஒரு தண்டை வைத்து முழுத் தேக்கத்தையும் அளக்கக் கூடாது என்பதும் நினைவிற்குரியது. ஆறு நுழையும் முகத்தில் படிவு தடித்தும் உட்பகுதியில் மெலிந்தும் இருக்கும்.

செய்யத்தக்கவை

முதலாவதாக, உயர்மலைச் சதுப்புகளை இனங்கண்டு வரைபடத்தில் குறித்து, அவற்றை வடித்துக் காய்கறி நிலமாக்குவதையும் சாலைக்காகத் தோண்டுவதையும் தடுக்க வேண்டும். வெட்டிய மரத்தை மீண்டும் நடலாம். தோண்டி எறிந்த இருபதாயிரம் ஆண்டுப் படிவை எவராலும் மீண்டும் அடுக்க இயலாது. கோடையில் ஓடைகளுக்குச் சிறுகச் சிறுக நீர் விடுபவையும் இச்சதுப்புகளே.

இரண்டாவதாக, நீலகிரியில் கண்டதையே ஆனைமலைக்கும் அப்படியே பொருத்திவிடலாகாது. இடையே கணவாய் உள்ளது. மழையின் அளவும் ஒரே சீரில் இல்லை. இரவிகுளத்தில் கொட்டும் மழைக்கும், அதன் கிழக்கே மழைமறைவில் கிடக்கும் சின்னாற்றின் வறட்சிக்கும் இடையே உள்ள தொலைவு மிகச் சிறிது. எனவே இருபுறத்துச் சதுப்புகளும் ஒரே முறையில் ஆராயப்பட்டு ஒப்பிடப்பட வேண்டும். கேரளமும் தமிழகமும் இணைந்து செய்யத்தக்க பணி இது. பரம்பிக்குளம் ஆழியாறுத் திட்டத்தில் நீரைப் பங்கிட 1970 இல் உடன்படிக்கை செய்துகொண்ட இரு மாநிலங்களுக்கும் அறிவைப் பங்கிடுவது அரிதன்று.

மூன்றாவதாக, அணைகளில் தூர் எடுக்கும் பணி தொடங்குமுன் சில வண்டல் தண்டுகளையேனும் எடுத்து, ஆழம், இடம், நாள் ஆகியவற்றைக் குறித்துக் குளிர்நிலையில் பாதுகாக்க வேண்டும். ஆகும் செலவு, தூர் எடுக்கும் செலவில் ஒரு சிறு கூறே.

நான்காவதாக, தரிசு என்ற பதிவு எங்கெல்லாம் மலைப்புல்வெளியின்மேல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ, அங்கெல்லாம் அது மறு ஆய்வு செய்யப்பட வேண்டும். மரம் நடும் இலக்கை எட்டுவதற்காகப் புல்வெளியைத் தேர்ந்தெடுப்பது கைவிடப்பட வேண்டும்.

மலையைப் பற்றி முடிவெடுப்பவர் ஓர் இடத்தில் பணியாற்றுவது சில ஆண்டுகளே. அவர் கையெழுத்தின் விளைவு நூற்றாண்டுகளுக்கு நிற்கிறது. அக்கையெழுத்துக்கு முன் கேட்கத்தக்க சாட்சி, சோலையோரத்துப் பள்ளத்தில் ஈரம் காயாமல் காத்திருக்கிறது.